முகம் கொடுத்துப் பேசாதவன்

சட்டியில் தண்ணீர் குறைந்திருந்தால் ஆஸ்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். சட்டி காய்ந்து கிடந்தது. அதுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்ததும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தட்டுப் போட்டு மூடி, அடுப்புமேடையில் ஆறவிட்டுப் போன பத்து லிட்டர் எவர்சில்வர் சட்டி அது. நோன்பு மாதம். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். பகலில் அந்தத் தண்ணீரைத் தொட ஆள் கிடையாது. இப்போது தட்டு தரையில் கவிழ்ந்து கிடந்தது. சட்டிக்குள் துணி போட்டுத் துடைத்தாற்போல ஒரு துளி ஈரம் இல்லை. விளிம்பில் மட்டும், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் ஒட்டுமே, அப்படி ஒரு வழவழப்பு. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். மென்ற புல்லும் சேறும் கலந்த வாடை.

ரய்யான்தான் குடித்திருப்பான் என்று உடனே தோன்றியது. கட்டின புருஷனைப் பற்றி அப்படித் தோன்றியதே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவன் திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சலில் கிடக்கிறான். கிளினிக்கில் தொண்டைப் புண் என்று மாத்திரை கொடுத்து, வாரம் முழுக்க வேலைக்குப் போக வேண்டாமென்று எம்சி எழுதிவிட்டார்கள். காட்டோரத்தில் செத்துக் கிடக்கும் விலங்குகளை அப்புறப்படுத்தும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் அவனுக்கு வேலை. வழக்கமாகச் சாலையில் அடிபட்ட காட்டுப்பன்றியோ மலைப்பாம்போ கிடைக்கும். இந்த மாதம் எல்லாம் கடமான். ஏதோ வைரஸ் என்றார்கள். கொசுவைவிடச் சின்னதாக, மிளகுத் தூள் அளவில் ஒரு பூச்சி உண்டு, மலாய்க்காரர்கள் அகாஸ் என்பார்கள். அது கடித்துத்தான் பரவுகிறதாம். மான், ஆடு, மாடு என்று அசைபோடும் பிராணிகளுக்குத்தான் வரும், மனிதர்களை ஒன்றும் செய்யாது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்களாம். ரய்யான்தான் வந்து சொன்னான், வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்.

நோயாளிக்கு நோன்பு கட்டாயம் இல்லை, குணமான பிறகு நோற்றுக்கொள்ளலாம். இதை ஆஸ்மாவே அவனிடம் எடுத்துச் சொன்னாள். அவன் பேசவில்லை. முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, சஹருக்கு எழுந்து அரைப் பேரீச்சம்பழத்தை விழுங்கி நோன்பு வைத்தான். வைத்தவன் பகலில் ஒளிந்து பத்து லிட்டர் குடிக்கிறான் என்றால் என்ன சொல்வது? ஒரு மனிதனைப் பார்த்து, நீ நோன்பா இல்லையா என்று கேட்பது அழகல்ல என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். அது அவனுக்கும் படைத்தவனுக்கும் இடையில் உள்ள விஷயம். கேட்டு, அவன் முகம் சுருங்கிப்போனால் அதைப் பார்க்க அவளால் ஆகாது.

பேசாமல் சட்டியைக் கழுவினாள். மறுபடி நிரப்பினாள். தட்டைப் போட்டு மூடினாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அன்று நோன்பு திறக்க உட்கார்ந்தபோது, டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் வாங்கி வந்த கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். ரய்யான் ஒரு துண்டை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். துண்டு நனைந்திருந்தது. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. எதையோ சொல்ல வருகிற பார்வை. பிறகு தொண்டைக்குள் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். இரண்டு கரண்டி கஞ்சியை எப்படியோ உள்ளே இறக்கிவிட்டு எழுந்து படுக்கையறைக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்றோ என்னவோ, அவளை ஹாலில் படுக்கச் சொல்லி முதல் நாளே சைகை காட்டியிருந்தான்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆஸ்மா. தண்ணி இருக்கா?"

கரகரப்பு இல்லை, இருமல் இல்லை. கணீரென்று, கல்யாணமான புதிதில் கீழ்த்தளத்திலிருந்து அவளைக் கூப்பிடுவானே, அதே குரல். ஆஸ்மாவுக்குச் சுருக்கென்றது. எதிரே உட்கார்ந்தால் ஊமை, கதவைச் சாத்தினால் பேச்சு வருகிறதா? அப்படி என்ன கோபம் என் மேல்? ஒரு ஜாடி தண்ணீரைக் கதவருகே தரையில் வைத்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்து படுத்தாள்.

தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் வீட்டில் எந்தக் குழாய் எப்போது முனகும், எந்தச் சுவர் வழியே பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதில் சேராத ஒரு சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. தரையில் கட்டையை ஊன்றி ஊன்றி எடுப்பதுபோல டக், டக் என்று நான்கு முறை. நிற்கும். பிறகு மெல்லும் சத்தம். அவசரமே இல்லாமல், ஈரமாக, பக்கவாட்டில் அரைத்து அரைத்து, விழுங்கி, விழுங்கியதையே மறுபடி மேலே கொண்டுவந்து மெல்கிற சத்தம். அந்த அறையில் தின்ன ஒன்றுமே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது ஜாடி காய்ந்து கிடந்தது.

மறுநாள், பஃபலோ ரோட்டில் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. ரய்யானிடமிருந்து குரல்செய்தி. காதில் வைத்தாள். நாற்பது விநாடி. கனமான மூச்சும், வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேச முயல்கிற சத்தமும்தான். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில், பிழையோடு, ஒரு வரி தட்டியிருந்தான். தண்ணி வைக்காதே.

ஆஸ்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவனுக்கே வெட்கமாக இருக்கிறது. கண்ணெதிரே தண்ணீர் இருந்தால் மனசு அடங்க மாட்டேன் என்கிறது, நோன்பு முறிந்துவிடுகிறது, அதனால்தான் இப்படிக் கேட்கிறான். சரி என்று பதில் போட்டாள். அன்று சட்டியில் தண்ணீர் வைக்கவில்லை. இரவில் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மூன்று முறை கேட்டது. முதலில் கெஞ்சியது. கடைசியில் அதில் ஒரு கடுப்பு இருந்தது. அவள் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் படுத்திருந்தாள். அவனுடைய நோன்பைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம் என்றே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஃபஹத் கடைக்கு வந்தான். ரய்யானோடு லாரியில் போகிறவன், அண்ணன் முறையில் ரய்யானை நானா என்றும் அக்கா முறையில் ஆஸ்மாவை லாத்தா என்றும் கூப்பிட்டுப் பழகியவன். உள்ளே வராமல் வெளி நடைபாதையிலேயே நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"நானாவுக்கு எப்படி இருக்கு லாத்தா?"

"காய்ச்சல் விட்ட மாதிரி தெரியல. மூணு நாளா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரு."

ஃபஹத் பையை நீட்டினான். உள்ளே ரய்யானுடைய தண்ணீர்ப் போத்தல். வேலைக்குக் கொண்டுபோவது. அதன் வாய்ப்பகுதி மென்று நசுக்கப்பட்டிருந்தது. அகலமான, தட்டையான பல்லின் தடம்.

"லாரியில கெடந்துச்சு."

"இதை யாரு கடிச்சது?"

அவன் எதிர்ப்பக்கம் வாழைத்தார்கள் தொங்கும் கடையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "திங்கக்கிழம அஞ்சு மான் லாத்தா. எல்லாமே குளத்துக்குள்ள விழுந்து கெடந்துச்சு. அந்தக் காய்ச்சல் வந்தா தண்ணியைத் தேடித்தான் போகுமாம். நாலு செத்துருச்சு. ஒரு பொட்டைக்கு மட்டும் உசுரு இருந்துச்சு. நாக்கு நீலமா, வாழைப்பூ கணக்கா வீங்கி வெளிய தள்ளிருச்சு. தண்ணிக்குள்ளயே கெடக்குது, ஆனா குடிக்க முடியல. நானாவுக்கு மனசு கேக்கல. எறங்கிப் போயி அது தலையை மடியில வச்சுக்கிட்டு, நோன்பு தொறக்க வச்சிருந்த தண்ணியை பிஸ்மி சொல்லி ஊத்தினாரு. அகாஸ் அப்படியே அவரு மூஞ்சியெல்லாம் அப்பிருச்சு. அப்பவும் அவரு எழுந்திருக்கல."

"அப்புறம்?"

"குனிஞ்சு ஏதோ ஓதினாரு. அது அவரு வாயை நக்கிருச்சு. நாங்கல்லாம் சிரிச்சோம்." ஃபஹத் எச்சிலைக் கூட்டி விழுங்கினான். "கொஞ்ச நேரத்துல அதுவும் அடங்கிருச்சு. தூக்கிக் கட்டறப்ப பார்த்தேன் லாத்தா. நாக்குல வீக்கமே இல்ல. சின்னதா, செவப்பா, மனுச நாக்கு மாதிரி இருந்துச்சு."

பூ கட்டும் கடையிலிருந்து மல்லிகை வாசனை வந்தது. அவள் பையின் வாயை இறுக்கி முறுக்கினாள்.

"நானாவுக்கு அப்பவே காய்ச்சல். உங்க புளோக் கீழ நிறுத்தி எறக்கிவிட்டோம். அப்புறம் லேபுக்குப் போயி லாரியைத் தொறந்தா நாலுதான் இருந்துச்சு, அந்தப் பொட்டையைக் காணோம். எங்க விழுந்துச்சுன்னு தெரியல. பயத்துல நாலுன்னே எழுதிக் கொடுத்துட்டோம்." அவன் குரல் தாழ்ந்தது. "பொழுது சாஞ்சதும் மஹ்ரிப் தொழுதுட்டு வேன் எடுத்துட்டு வர்றேன். நானாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

கடை முதலாளி சுந்தரம் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கெளம்புமா, நான் பார்த்துக்கிறேன் லா," என்றார். டேக்கா சந்தையில் ஒரு போத்தல் தண்ணீரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். இருபத்தைந்து நிமிடம், நின்றபடி, அவனுக்கு விடாமல் போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. எதிர்க் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அந்த மானிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நான் மூன்று நாளாக அவனைத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. உயிரோடு கிடைத்தால் போதும், முதலில் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி புளோக்கை நெருங்கும்போது ஆறே முக்கால். காட்டை ஒட்டிய அடுக்குமாடி புளோக், நாலாவது மாடி. நடைவழியில் அவள் வீட்டுச் சன்னல் கறுத்திருந்தது. திரைச்சீலை என்று நினைத்துக் கிட்டப் போனாள். திரைச்சீலை இல்லை. கண்ணாடி முழுக்க, மிளகுத் தூளைத் தூவி அப்பினாற்போல, பூச்சி. அவள் நிழல் பட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்து மறுபடி அடங்கின. மஹ்ரிப் நேரத்தில் கதவையும் சன்னலையும் சாத்தி வை, தண்ணீர்ப் பாத்திரத்தை மூடி வை என்று சின்ன வயதில் அவள் அம்மா ஓயாமல் சொல்வது ஞாபகம் வந்தது. உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள்.

வீட்டில் சேற்று வாடை. விளக்கைப் போட்டாள். சமையலறைக் குழாயைத் திருகினாள், வறட்டுக் காற்றுதான் வந்தது. குளியலறைக் குழாயிலும் அதே. பிறகுதான் பார்த்தாள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பிரதான வால்வு இறுக்கி மூடப்பட்டிருந்தது. அதன் மேல் ரய்யானுடைய பெல்ட் சுற்றிச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. எந்தத் தண்ணீரும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டின கட்டு. இவ்வளவு பிடிவாதமாகவா நோன்பைக் காப்பாற்றப் பார்த்தான்? அவளுக்கு அழுகை முட்டியது. அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு விடவில்லை.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது. தாழ்ப்பாள் இல்லை, உள்ளே ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது.

"இங்க பாருங்க, நான்தான் வந்திருக்கேன்."

 உள்ளே விளக்கு எரியவில்லை.

கதவுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். போத்தல் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி, பேரீச்சம்பழம் ஒன்றைத் தட்டில் வைத்தாள். ஏழு ஐந்து. ஏழு பத்து. அவளுக்கும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. ரய்யான் என்றால் தாகம் தீர்ந்தவன் என்று பொருள். நோன்பு நோற்றவர்களுக்கென்றே சொர்க்கத்தில் இருக்கும் வாசலுக்கும் அதுதான் பெயர். கல்யாணத்தன்று மாமியார் பெருமையாகச் சொன்னது. அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏழு பதினெட்டுக்கு அடுப்புமேடையில் இருந்த கைப்பேசி பாங்கு சொன்னது.

"ஆஸ்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"பாங்கு சொல்லிட்டாங்க, கேட்டியா?"

தெளிவான குரல். அவளுடைய ரய்யானின் குரல். மூன்று நாள் பயமும் ஒரே மூச்சில் கரைந்துபோக, அவள் கதவில் நெற்றியை வைத்து அழுதேவிட்டாள்.

"தொண்டை சரியாயிருச்சாங்க?"

"சரியாயிருச்சு. நோன்பு தொறக்கணும். ஒரு வாய் தண்ணி குடு."

"கதவைத் தொறங்க. ஃபஹத் வேன் எடுத்துட்டு வர்றான், ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"தொறந்துதான் இருக்கு. நீ தள்ளு."

தம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது தோளால் தள்ளினாள். கதவு வழிவிடவில்லை. கீழே, கதவுக்கும் தரைக்கும் இடையில் ஏதோ அசைந்தது. விரல் நுனிகள். வீங்கி, நகமெல்லாம் கறுத்து, ஆனால் அவனுடையவைதான். நெளிந்த வெள்ளி மோதிரம் இருந்தது. விரல்கள் இடமும் வலமும் வேகமாக அசைந்தன. மறுபடி மறுபடி. தண்ணீருக்குத் தவிக்கிறான்.

"இதோ, இதோ வந்துட்டேன்," என்றாள்.

"தள்ளு ஆஸ்மா."

முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் முதுகு ஒன்று எதிர்த்துத் தள்ளியது. காய்ச்சல்காரனின் முதுகு. பலமில்லாத முதுகு. அது மெல்ல வழுக்கியது.

அப்போதுதான் உறைத்தது. முதுகு கீழே இருக்கிறது. அவள் முழங்காலருகே.

குரல் மேலேயிருந்து வருகிறது. அறையின் அந்தக் கடைசியிலிருந்து. சன்னலோரத்திலிருந்து.

கதவு திறந்துகொண்டது.

ஹால் வெளிச்சம் உள்ளே விழுந்தது. தரையில் ரய்யான். சட்டை நனைந்து, முதுகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடியே சரிந்து கிடந்தான். வாய் மூடவில்லை. மூட முடியாது. நீலநிறத்தில், தடித்து, அவன் தாடைக்குக் கீழேவரை தொங்கியது நாக்கு. அந்த நாக்கு ஒரு வார்த்தை பேசியிருக்காது. மூன்று நாளாக.

அவன் அவள் காலைப் பிடித்தான். தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். கண்ணில் நீர் வழிந்தது. தம்ளரைத் தட்டிவிடக் கையை உயர்த்தினான். எட்டவில்லை.

டக்.

அவன் நோன்பாளி. ஒரு சொட்டும் குடிக்காதவன்.

டக். டக்.

இருட்டிலிருந்து அது வந்தது. ஈரமான ரோமம். விலாவெல்லாம் பூச்சி. அவள் உயரத்துக்கு ஒரு தலை. தாடை பக்கவாட்டில் அசைந்துகொண்டே இருந்தது. ஓட வேண்டும் என்று ஆஸ்மாவுக்குத் தெரிந்தது. கால் நகரவில்லை. கையில் தம்ளர் அப்படியே இருந்தது.

அது குனிந்தது. குடித்தது. சின்ன நாக்கு. சிவந்த நாக்கு. வருஷக்கணக்காக அவளோடு பேசிய நாக்கு.

தண்ணீர் தீர்ந்தது. தம்ளரின் அடியை நக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது தலையை நிமிர்த்தி, அவள் மூச்சில் மூச்சுப் படும் அளவுக்கு நெருங்கி, முகத்துக்கு நேரே முகத்தை வைத்தது. அதன் கண் அவள் உதடுகளையே பார்த்தது.

"இன்னும் ஒரு வாய், ஆஸ்மா," என்றது.